தூக்கத்துக்கு மனநல மாத்திரை: மலையில் இருப்பவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒருவர், மாதக்கணக்கில் தூக்கம் இல்லை என்று டாக்டரைப் பார்க்கிறார். சீட்டில் 'மிர்டாசபின் 7.5 மி.கி., இரவு ஒன்று' என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்து போனில் தேடினால் 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று வருகிறது. தூக்கத்துக்குக் கேட்டால் மனநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்களே என்று வீடே பதறுகிறது. மாத்திரை அலமாரிக்குப் போகிறது. அன்று ராத்திரி, அத்தை பல வருஷமாகப் போட்டுவரும் அல்பிரசோலத்தில் பாதியை உடைத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அது வெறும் தூக்க மாத்திரைதானே என்ற நிம்மதி வேறு.

பயம் இங்கே இடம் மாறிப் போயிருக்கிறது. உடம்புக்குப் பழகிப்போவதிலும், நிறுத்தும்போது வரும் சிக்கலிலும், அலமாரிக்குள் போன மாத்திரையைவிட அத்தையின் மாத்திரைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். அதற்காக முதல் மாத்திரையில் பக்கவிளைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எந்த மருந்து எதற்குக் கொடுக்கப்படுகிறது, எந்த அளவில், எத்தனை நாளைக்கு என்று தெரிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மலைமேல் வாழ்பவர்களுக்கு இதில் கூடுதலாகச் சில கணக்குகளும் உண்டு.

## எது தூக்கமின்மை, எது இல்லை

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ போவது, அது மூன்று மாதமாவது நீடிப்பது, அதனால் பகலில் வேலையும் மனநிலையும் கெடுவது. இதைத்தான் மருத்துவர்கள் நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இதில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை: தூங்குவதற்கு நேரமும் வாய்ப்பும் இருந்தும் தூக்கம் வராமல் இருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் யானைக்குப் பயந்து ராத்திரி முழுக்கக் காவல் இருப்பவருக்குத் தூக்கமின்மை நோய் இல்லை. தூங்க வழி இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் பகலெல்லாம் பறித்த பசுந்தேயிலை சாயங்காலம் வந்து சேரும். வாடவைப்பதும் அரைப்பதும் இரவில் நடக்கும். அந்த ஷிப்டில் நின்றுவிட்டுக் காலை வெயிலில் வீட்டுக்கு வருபவரின் உடல் கடிகாரம் அப்போதுதான் 'விழித்துக்கொள்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு பேருக்கும் மாத்திரை முதல் பதில் ஆகாது.

மலைக் கிராமங்களில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இன்னொன்று. குளிருக்கு எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டுக் கம்பளிக்குள் போய்விடுகிறோம். வயதானவருக்கு ஆறு, ஆறரை மணி நேரத் தூக்கம் போதும் என்றால், ராத்திரி இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். விடியும் வரை படுக்கையில் புரண்டுகொண்டிருப்பார். அவருடைய தூக்கம் குறையவில்லை, படுக்கையில் கிடக்கும் நேரம்தான் கூடிவிட்டது. இதைப் புரியாமல் மாத்திரை தொடங்கினால், இல்லாத நோய்க்கு வருஷக்கணக்கில் மருந்து போட்டுக்கொண்டிருப்பார்.

## மூளையில் நடப்பது

தூக்கத்தைக் கொண்டுவருவதற்கும் விழிப்பைக் காப்பதற்கும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன.

விழிப்பின் பக்கம் ஹிஸ்டமின், ஒரெக்சின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்கள் வேலை செய்கின்றன. சளிக்குப் போடும் பழைய மாத்திரைகள் தூங்கவைப்பது இதனால்தான்: அவை மூளைக்குள்ளும் ஹிஸ்டமினைத் தடுத்துவிடுகின்றன. தூக்கத்தின் பக்கம் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளின் பரபரப்பை அடக்குகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தை அழுத்திக் கொண்டுவரும். டீயில் இருக்கும் காஃபீன் அந்த அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. காஃபீனின் அரை ஆயுள் சுமார் ஐந்து மணி நேரம். அதாவது, ஆறு மணிக்குக் குளிருக்கு இதமாகக் குடித்த கெட்டி டீயில் பாதிக் காஃபீன் பதினோரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

தூக்கத்துக்காகத் தரப்படும் மனநல மருந்துகள் எல்லாம் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கின்றன. காபாவைக் கூட்டுபவை ஒரு பக்கம், ஹிஸ்டமின் போன்ற விழிப்புப் பொருள்களைத் தடுப்பவை மறுபக்கம். பழகிப்போகும் சிக்கல் பெரும்பாலும் முதல் பக்கத்தில்தான் இருக்கிறது.

## மருந்துகள், ஒவ்வொன்றாக

1. பென்சோடயசெபின் வகை. அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம், நைட்ரசெபாம் எல்லாம் இந்தக் குடும்பம். 1960ல் குளோர்டயசெபாக்சைடும் 1963ல் டயசெபாமும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன் இருந்த பார்பிட்டுரேட்டுகளை அளவுக்கு மீறிப் போட்டால் உயிரே போய்விடும் என்பதால் இவை பெரிய முன்னேற்றமாகக் கருதப்பட்டன, அது நியாயமும்கூட. இவை காபாவின் அடக்கும் வேலையைக் கூட்டுகின்றன. முதல் சில இரவுகள் அருமையாகத் தூக்கம் வரும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறையும். சில வாரங்களில் மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும். பழைய அளவு போதாமல் போகும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாக விழிப்பு வரும். அதனால்தான் தூக்கத்துக்கென்றால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்பது வழக்கமான எச்சரிக்கை. பழகிப்போதல், நிறுத்தும்போது வரும் ஆபத்துகள் பற்றி 2020ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த வகை முழுமைக்கும் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விரிவுபடுத்தியது.

இந்தக் குடும்பத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. அல்பிரசோலத்தின் அரை ஆயுள் சுமார் 11 மணி நேரம். குளோனசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். தினமும் குளோனசெபாம் போடுபவருக்கு நேற்றைய மாத்திரை பாதிக்கு மேல் உடம்பில் இருக்கும்போதே இன்றைய மாத்திரையும் சேர்கிறது. பகல் மந்தமும் மறதியும் தள்ளாட்டமும் வயதினால் வந்தவை என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

2. சோல்பிடெம். தூக்கத்துக்கென்றே உருவானது. வேதியியலில் வேறு, ஆனால் பிடிக்கும் இடம் அதே காபா. இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் காலையில் மயக்கம் இருக்காது என்று நம்பினார்கள். பெண்களின் ரத்தத்தில் இது காலையிலும் அதிகமாக இருப்பது தெரிந்து, 2013ல் அமெரிக்காவில் பெண்களுக்கான தொடக்க அளவு 10லிருந்து 5 மி.கி. ஆகக் குறைக்கப்பட்டது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி எடுப்பது போன்றவை நடந்ததால் 2019ல் கடும் எச்சரிக்கையும் சேர்ந்தது.

3. குறைந்த அளவில் மனச்சோர்வு மருந்துகள். குழப்பம் தொடங்குவது இங்கேதான். அமிட்ரிப்டிலின், டாக்செபின், மிர்டாசபின், டிரசோடோன் இவற்றில் முக்கியமானவை. இதற்குக் கீழே தனியாக விளக்கம் இருக்கிறது.

4. குவெட்டியபின் போன்ற மனச்சிதைவு மருந்துகள். 25, 50 மி.கி. அளவில் தூக்கத்துக்கு எழுதப்படுவதுண்டு. இருமுனை மனநோயோ (அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) மனச்சிதைவோ இருந்து அதோடு தூக்கமும் கெட்டிருந்தால் இது பொருத்தமான மருந்து. வெறும் தூக்கமின்மைக்கு மட்டும் என்றால், நன்மைக்கான ஆதாரம் குறைவு. எடை, சர்க்கரை, கொழுப்பு கூடும் வாய்ப்பு நிஜம். சர்க்கரை நோயாளிக்கு இதை எழுதியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்ற எச்சரிக்கை 2005லிருந்தே இருக்கிறது.

மெலடோனின் இந்தப் பட்டியலில் சேராது. அது உடல் கடிகாரத்துக்கு இருட்டிவிட்டது என்று சொல்லும் ஹார்மோன். நேரம் மாறிப்போன தூக்கத்துக்கு ஓரளவு உதவும், அடித்துப்போட்டதுபோல் தூங்கவைக்காது.

## அளவு மாறினால் வேலை மாறுகிறது

மூன்றாவது வகையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு மாத்திரை மூளையில் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. எங்கே மிக எளிதாக ஒட்டுமோ அங்கே குறைந்த அளவிலேயே ஒட்டிவிடும். மற்ற இடங்களைப் பிடிக்க அதிக அளவு வேண்டும். டாக்செபினுக்கு ஹிஸ்டமின் உட்காரும் இடத்தில் ஒட்டும் குணம் மிக அதிகம். மனச்சோர்வுக்கு 75 மி.கி., அதற்கு மேலும் தேவைப்படும் அதே மருந்து, 3 மி.கி., 6 மி.கி. அளவில் தூக்கமின்மைக்கென்றே 2010ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தச் சின்ன அளவில் அது செய்வது ஏறக்குறைய ஹிஸ்டமினைத் தடுக்கும் வேலை மட்டும்தான்.

மற்றவையும் இதே கணக்குதான். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு 75 முதல் 150 மி.கி., தூக்கத்துக்கு 10 முதல் 25. மிர்டாசபின் மனச்சோர்வுக்கு 15 முதல் 45, தூக்கத்துக்கு 7.5 அல்லது 15. டிரசோடோன் மனச்சோர்வுக்கு 150க்கு மேல், தூக்கத்துக்கு 25 முதல் 100. ஆகவே சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் போனில் தேடினால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை தூக்கமின்மைக்கென்று முறைப்படி அனுமதி பெறாதவை என்பதும் உண்மைதான். டாக்டர் தன் அறிவையும் நோயாளியின் நிலையையும் வைத்து எழுதுகிறார், அது தவறில்லை. ஆனால் ஆதாரம் ஒன்றுபோல் வலுவாக இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தூக்கமின்மைக்கு டிரசோடோனைப் பரிந்துரைக்கவில்லை.

இவை நன்றாகப் பொருந்தும் இடம், தூக்கத்தோடு வேறொன்றும் சேர்ந்திருக்கும்போது. சர்க்கரையால் கால் எரிச்சலும் தூக்கமின்மையும் இருப்பவருக்கு அமிட்ரிப்டிலின் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். பசியில்லாமல் மெலிந்து, மனம் சோர்ந்து, ராத்திரி விழித்துக் கிடக்கும் முதியவருக்கு மிர்டாசபினின் பசி கூட்டும் குணமே நன்மை. ஏற்கெனவே பருமனானவருக்கு அதே குணம் தொல்லை. அமிட்ரிப்டிலினில் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைக்கலாம், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கு ஆகாது. அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டிய மாத்திரை இது. டிரசோடோன் ரத்த அழுத்தத்தைக் குறைத்து, சட்டென எழுந்தால் தலைசுற்றவைக்கும்.

எல்லா மனநல மருந்தும் தூங்கவைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஃபுளுவோக்சடின், எஸ்சிட்டலோபிராம் சிலருக்குத் தூக்கத்தைக் கலைக்கும். அதனால் காலையில் போடச் சொல்வார்கள். மனச்சோர்வு குறையும்போது தூக்கம் தானே திரும்பும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். இன்னொன்றும் முக்கியம். சில நாள்களாகத் தூக்கமே தேவைப்படாமல், களைப்பும் இல்லாமல், பேச்சும் செலவும் திட்டங்களும் பெருகினால் அது இருமுனை மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு மருந்து தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். டாக்டரிடம் இதை மறைக்கவே கூடாது.

## மெடிக்கலில் சீட்டுக் கேட்பது ஏன்

2014 மார்ச் 1 முதல் நாடெங்கும் ஹெச்1 என்ற மருந்து அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் இதில் அடங்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் சீட்டுக் கேட்டால் அவர் நம்மை அலைக்கழிக்கவில்லை. அத்தையின் டப்பாவிலிருந்து கை மாறும் மாத்திரைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

## மலையின் கூடுதல் கணக்கு

கரி அடுப்பு. இதை முதலில் சொல்ல வேண்டும். குளிருக்கு மூடிய அறையில் கரியை எரியவிட்டுப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. மாத்திரை போடாதவருக்காவது தலைவலியில், குமட்டலில் விழிப்பு வர ஒரு வாய்ப்பு இருக்கிறது. மாத்திரையின் பிடியில் இருப்பவருக்கு அதுவும் குறைந்துவிடும். தூக்க மாத்திரை போடும் வீட்டில் படுக்கும் அறைக்குள் கரி அடுப்பு எந்த நிலையிலும் கூடாது. கம்பளி, காலுறை, வெந்நீர்ப் பை போதும். கால் சூடாக இருந்தாலே தூக்கம் சீக்கிரம் வரும்.

சுவாசம். விறகுப் புகையில் பல வருஷம் சமைத்து நுரையீரல் நலிந்தவர்களும், சத்தமாகக் குறட்டைவிட்டு நடுவில் மூச்சு நின்று திணறுபவர்களும் பென்சோடயசெபினைத் தொடும் முன் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். காபா அடக்கும் மூளைப் பகுதிகளில் மூச்சை நடத்தும் பகுதியும் ஒன்று. குளிருக்கு என்று குடிப்பவர் மேலே மாத்திரையும் போட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். மது தூக்கத்தைக் கொண்டுவருவதுபோல் தோன்றினாலும் பின்னிரவில் அதைக் கலைத்துவிடும்.

சமவெளியிலிருந்து 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு வந்தவருக்கு முதல் ஓரிரு இரவுகள் தூக்கம் சரியில்லாமல் போகலாம். உடம்பு பழகிவிடும். அதற்கு மாத்திரை வேண்டாம்.

காலை நேரம். கேரட் பிடுங்க விடிவதற்கு முன்பே கிளம்புகிறார்கள், லாரிகள் இருட்டிலேயே மேட்டுப்பாளையம் நோக்கி இறங்குகின்றன. பத்து மணிக்கு மாத்திரை போட்டு இரண்டு மணிக்கு எழுந்தால் மருந்தின் பாதி வேலை இன்னும் மீதி இருக்கும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையிலும் மூடுபனி இறங்கினால் எதிரே வருவது தெரியாது. தனக்கு மயக்கம் இல்லை என்று நினைக்கும்போதும் பிரேக் பிடிக்கும் வேகம் குறைந்திருக்கும். என் கருத்தில், மலைச் சாலையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல் எத்தனை மணிக்கு ஸ்டியரிங்கில் உட்காருகிறார் என்பதுதான். ஏழெட்டு மணி நேரம் படுக்க முடியாத இரவில் சோல்பிடெம்கூட வேண்டாம்.

ராத்திரி எழுவது. நம் வீடுகளில் படிகள் அதிகம், பல இடங்களில் கழிவறை வெளியே. வயதானவர் மாத்திரையின் மந்தத்தில் பனியில் நனைந்த படியில் கால் வைத்தால் இடுப்பெலும்பு முறியும். முதியவர்களுக்கு பென்சோடயசெபினைத் தவிர்க்கச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். வாசலில் காட்டெருமையோ கரடியோ நிற்கும் ஊர்களில் தெளிவான கண்ணும் காதும் இன்னும் தேவை.

## மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சில சமயம் தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு மாத்திரையாகவே இருக்கும். ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோபிலின், காஃபீனுக்கு நெருங்கிய உறவு. தேயிலையிலும் சிறிதளவு உண்டு. ஸ்டீராய்டும் அப்படித்தான் விழிக்கவைக்கும். படுத்ததும் காலில் இனம் தெரியாத அரிப்பும் குடைச்சலும் வந்து, காலை அசைத்தால்தான் நிம்மதி என்றால் அது அமைதியற்ற கால் நோய். இரும்புச்சத்துக் குறைவு அதற்கு முக்கியக் காரணம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு ரத்தசோகை சாதாரணம். இப்படிக் கால் குடைச்சல் உள்ள பெண்ணுக்குத் தூக்கத்துக்கு என்று மிர்டாசபினோ அமிட்ரிப்டிலினோ கொடுத்தால் கால் தொல்லை கூடிவிடலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்துவிடும்.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக 2016ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு சொன்னது மாத்திரையை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையை. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. அதன் சாரம்:

1. எப்போது தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது.
2. படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு அருகில் கொண்டுவருவது. ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. மலையில் இதன் பொருள், எட்டு மணிக்குக் கம்பளிக்குள் போகாமல் பத்து, பத்தரை வரை உட்கார்ந்திருப்பது.
3. இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது. குளிரில் இதுதான் கஷ்டம். நாற்காலியும் சால்வையும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.
4. கெட்டி டீயை மதியத்தோடு நிறுத்துவது.

முதல் சில வாரங்களில் பகல் களைப்பு கூடும், அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த நாள்களில் வண்டி ஓட்டுவதையும் மரம் ஏறுவதையும் தள்ளிவைக்க வேண்டும். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் தூக்க நேரத்தைத் தாங்களாகக் குறைக்கக் கூடாது.

## நிறுத்துவது எப்படி

வருஷக்கணக்கில் அல்பிரசோலமோ குளோனசெபாமோ போட்டவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடக் கூடாது. சட்டென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, பதற்றம், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்து, மாதக்கணக்கில் இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது குறைப்பது ஆகாது. உடம்பு ஏறி இறங்கித் தவிக்கும். ஒவ்வொரு படியிலும் சில இரவுகள் தூக்கம் கெடும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, மூளை சரிக்கட்டிக்கொள்ளும் காலம் அது. மனச்சோர்வு மருந்துகளையும் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். தலைசுற்றல், எரிச்சல், குமட்டல் வரலாம், ஆனால் இன்னும் வேண்டும் என்ற ஏக்கம் அவற்றில் வருவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடும் நாள்கள் நமக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் மாத்திரை தீர்ந்துபோவது பென்சோடயசெபின் போடுபவருக்குத் திடீர் நிறுத்தம்தான். மழைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எழுதி வாங்குங்கள். சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வழி அடைபட்டு நடுக்கம் தொடங்கிவிட்டால் அருகில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரையின் பெயரையும் அளவையும் எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வலிப்பு வந்தால் 108. மனநலம் பற்றிய மற்றச் சந்தேகங்களுக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.